தண்ணீரில் நின்றபடி வாடும் முந்திரிக் கன்று

ஜூலை மாதம், மழை விட்டபாடில்லை. கொல்லையில் நிற்கும் முந்திரிக் கன்றின் இலை தொங்கியதும் ஒரு குடம் தண்ணீரோடு ஓடுகிறோம். இலை வாடினால் தாகம் என்பது நமக்குள் ஊறிப்போன எண்ணம். அந்தமானில் பல கன்றுகளை வீணாக்குவது இந்தப் பரிவுதான்.

போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. மே தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் கொட்டித் தீர்க்கும். முந்திரியோ 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவர, நீர் வடியும் பண்ருட்டிச் செம்மண் மேட்டில் வேரூன்றிச் செழித்த மரம். நீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது. வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரில் நின்றபடியே கன்று வாடுகிறது.

கன்றிலிருந்து மூன்றடி தள்ளி ஓரடி ஆழக் குழி ஒன்று தோண்டிப் பாருங்கள். மழை விட்ட மறுநாளும் அதில் நீர் நின்றால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. சரிவுப் பக்கம் வாய்க்கால் வெட்டி வடியவிடுங்கள். தண்டோடு அணைத்த மண்ணை விலக்குங்கள். ஒட்டுக்கட்டிய இடம் தரைக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சியில்தான் தண்ணீரும் சருகு மூடாக்கும் தேவைப்படும்.

நோஞ்சான் கன்றை உரம் தேற்றும் என்கிறார்கள். பாதி வேர் போன கன்றுக்கு யூரியா போட்டால் மீதி வேரும் கருகும். புதுத் துளிர் வரட்டும், பிறகு தண்டைவிட்டுத் தள்ளிக் கொஞ்சம் மக்கிய எரு போதும். தென்னங்குழியில் போடும் உப்பை முந்திரிக்கும் போடுவது அதைவிடப் பெரிய தவறு. 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய நிலங்கள் என்ன ஆயின என்று நம் தீவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்றை முந்திரி தாங்கும். வேரடியில் உப்பைத் தாங்காது.

அடியில் துளிர் வந்ததும் "பிழைத்துவிட்டது" என்று மகிழ்கிறோமே, அங்கேதான் மனம் வலிக்கிறது. ஒட்டுக்குக் கீழே வருவது நாம் வாங்கிய ரகம் அல்ல, வேர்ச்செடியின் கிளை. ஒட்டுக்கு மேலே பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கீழ்த்துளிரை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் உணவை எல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். மேற்பகுதி முழுக்கக் காய்ந்துவிட்டதென்றால் கீழ்த்துளிரில் ஒன்றை வளர்க்கலாம். காய்க்கும், ஆனால் எப்படிக் காய்க்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இளந்தளிரில் கரும்புள்ளி விழுந்து நுனி காய்ந்தால் கண் பட்டதாக நினைத்துச் சுற்றிப் போடுவார்கள். தேயிலைக் கொசு என்னும் பூச்சி சாறு உறிஞ்சிய தழும்பாகவே அது பெரும்பாலும் இருக்கும். காய்ந்த நுனியைப் பச்சை தெரியும்வரை வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். அந்தப் பூச்சியை வேட்டையாடுவது, இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு. மரத்தை அழிக்கிறது என்று அந்தக் கூட்டைக் கொளுத்தாதீர்கள். எறும்பு கடிக்கும்தான். கன்றைத் தொடும் முன் கையில் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டு போங்கள்.