கொல்லையில் விழுந்த மரம்: விறகு விலையா, பலகை விலையா?

எஃப்.டி., எஸ்.ஐ.பி., தங்கம்னே பேசிட்டு இருக்கோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற மாதிரி ஒரு சொத்து.

ஊர்ல வீட்டுக் கொல்லையில இருந்த பலாவும் வேம்பும் காத்துல சாஞ்சிடுச்சுன்னு வெச்சுக்குங்க. மர வியாபாரி வந்து, "மொத்தமா 9,000 தர்றேன், நானே வெட்டி எடுத்துக்கிறேன்" என்கிறார். அப்பாவோ, "கடையில பலகை என்ன விலை விக்குது தெரியுமா? அறுத்துப் போட்டா நிலை, கதவு எல்லாம் ஆகும்" என்கிறார். நீங்க ஆபீஸ்ல இருந்தபடி போன்லயே முடிவு சொல்லணும்.

அப்பா சொல்றது அறுத்து, காய்ஞ்சு, கடையில அடுக்கி இருக்கிற பலகையோட விலை. உங்ககிட்ட இருக்கிறது மண்ணுல கிடக்கிற பச்சைக் கட்டை. இது அதுவா மாற எவ்வளவு செலவாகும், மாறின பிறகு அதுல எவ்வளவு உங்களுக்கு உண்மையிலேயே தேவை, இந்த ரெண்டும் தெரிஞ்சாதான் மதிப்பு தெரியும்.

முதல்ல அளவு. அடிமரத்துல நேரா இருக்கிற பகுதியை மட்டும் எடுங்க. நீளத்தின் நடுவுல, பட்டையை நீக்கிட்டு, டேப்பால சுற்றளவு பாருங்க. அங்குலத்துல வர்ற சுற்றளவை 4-ஆல வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால பெருக்கி, அடியில இருக்கிற நீளத்தால பெருக்கி, 144-ஆல வகுத்தா கன அடி. பலா 60 அங்குலச் சுற்று, 8 அடி நீளம்னா 15 × 15 × 8 ÷ 144 = 12.5 கன அடி. வேம்பு 48 அங்குலம், 6 அடின்னா 6 கன அடி. மொத்தம் 18.5.

இந்த வியாபாரக் கணக்கு, உருண்டைக் கட்டையோட உண்மையான கன அளவுல சுமார் 78 சதவீதத்தைத்தான் காட்டும். மீதி அறுக்கும்போது வீணாகும்னு அப்பவே கழிச்சாச்சு. ஆனா நடைமுறையில வீணாவது அதைவிட அதிகம். மரத்தூள், ஓரத்து வெள்ளை, நுனி வெடிப்பு எல்லாம் போக 18.5-ல 11 கன அடி பலகை கையில வந்தாலே நல்லது. ஒரு கன அடின்னா ஒரு அங்குல கனத்துல 12 சதுர அடிப் பலகை.

இப்போ செலவு. கீழே இருக்கிற ரேட் எல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் போட்டது. உங்க ஊர் மில்லுல கேட்டு மாத்திக்குங்க. கட்டையைத் தூக்கி ஏத்தி மில்லுக்குக் கொண்டு போக 3,500. அறுப்புக் கூலி கன அடிக்கு 120 வீதம் 2,220. திரும்பக் கொண்டு வர 1,500. இடையில குச்சி வெச்சு நிழல்ல அடுக்க 800. ஆக 8,020 ரூபாய்.

இதோட, நீங்க வேண்டாம்னு விட்ட பணமும் செலவுதான். அதுக்காக முழு 9,000-ஐயும் சேர்க்க வேண்டாம். வியாபாரிகிட்ட, "இந்த ரெண்டு அடிமரத்தையும் நாங்க வெச்சுக்கிறோம், மத்ததுக்கு எவ்வளவு?"ன்னு கேளுங்க. 3,000 என்றால், கட்டையால நீங்க இழக்கிறது 6,000. நிறைய பேர் இந்தக் கேள்வியைக் கேட்கிறதே இல்லை.

8,020 + 6,000 = 14,020. 11 கன அடிக்கு வகுத்தா கன அடி சுமார் 1,275 ரூபாய். மரக்கடையில அதே மரம், காய்ஞ்ச பலகை 2,000-ன்னா அப்பா சொல்றது சரி. ஆனா வீட்டுல இருக்கிற வேலைக்கு 7 கன அடிதான் தேவை, மீதி பரண்ல கிடக்கும்னா? 14,020-ஐ 7-ஆல வகுங்க. 2,003 வருது. லாபம் அங்கேயே காலி. உபயோகமே இல்லாம "பின்னாடி ஆகும்"னு அறுத்து வெக்கிறது, வட்டி வராத இடத்துல பணத்தை முடக்குறதுதான். அதுலயும் இந்த முதலீட்டைக் கரையான் வேற தின்னும்.

மரத்தோட ஜாதியும் விலையை மாத்தும். முருங்கை பலகைக்கு ஆகாது. மாங்கட்டையில வண்டு சீக்கிரம் விழும், நிறமும் மாறும். நாள் கடத்தாம அறுக்கணும். வேம்பு நல்ல மரம், ஆனா அவசரமா வெயில்ல காய வெச்சா வெடிக்கும். பலாவுல மஞ்சள் வைரம் எவ்வளவு அகலம்னு வெட்டுமுகத்துல பாருங்க, விலை அதுக்குத்தான். தஞ்சாவூர் வீணையும் பலா மரத்துலதான் செய்றாங்க, உண்மைதான். அதுக்காக நம்ம கொல்லைப் பலாவுக்கு வீணை விலை கேட்டா வியாபாரி சிரிப்பார்.

வீட்டு மரத்துக்கே உள்ள ஒரு கெடுதல் இரும்பு. கொடி கட்டின கொக்கி, போர்டு அடிச்ச ஆணி, முள்கம்பி எல்லாத்தையும் மரம் உள்ளே விழுங்கியிருக்கும். ரம்பம் அதுல பட்டா பல் போகும். அதனால சில மில்லுல வீட்டு மரமே வேண்டாம்பாங்க, சில இடத்துல பிளேடு காசை நம்ம தலையில கட்டுவாங்க. தரையிலிருந்து ஆள் உயரம் வரைக்கும்தான் ஆணி அதிகம். அந்தப் பகுதியில பட்டை வீங்கியிருக்கா, வெட்டுமுகத்துல கருப்புக் கறை தெரியுதான்னு பார்த்துட்டு, சந்தேகம்னா அந்தத் துண்டை விறகுக்கே விட்டுடுங்க.

பெரிய புயலுக்குப் பிறகு கணக்கே வேற. 2018 நவம்பர்ல கஜா வந்தப்போ டெல்டாவுல லட்சக்கணக்குல தென்னை சாஞ்சது. எல்லார் வீட்டுலயும் மரம் கிடக்கும்போது, விற்கிறவங்க அதிகம், வாங்குறவங்க கொஞ்சம். அந்த வாரம் சொல்ற விலையை மரத்தோட மதிப்புன்னு எடுத்துக்காதீங்க. வெட்டுமுகத்துல பழைய பெயிண்ட் பூசி, கட்டையை மண்ணுல படாம ரெண்டு கல் மேல நிழல்ல தூக்கி வெச்சா, வேம்பு, பலா போன்றவை சில வாரம் தாங்கும்.

விழுந்தது தேக்கு, ஈட்டி, சந்தனமா இருந்தா, டேப் எடுக்கிறதுக்கு முன்னாடி வனத்துறை அலுவலகத்துல கேளுங்க. அனுமதி இல்லாம வண்டியில ஏத்தினா, வழியில வண்டியோட பிடிச்சு வெச்சுடுவாங்க.