பன்னிரண்டு சொற்களை எங்கே வைப்பது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை நனைத்துவிட்டுப் போன மறுவாரம், என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர். இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து இரண்டு நாள் வடியாமல் நின்றதாம். ஒரு நாட்குறிப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். "சார், இதிலே பன்னிரண்டு சொல் எழுதி வைத்திருந்தேன். இப்போது பத்துதான் தெரிகிறது" என்றார்.

மைப்பேனாவால் எழுதிய பக்கம். மை கரைந்து நீலத் திட்டாகப் பரவியிருந்தது. எட்டாவது சொல்லும் பதினோராவது சொல்லும் முற்றிலும் மறைந்துவிட்டன. அந்தச் சொற்கள் வைத்திருந்த பழைய செல்பேசியும் தண்ணீரில் மூழ்கி உயிரை விட்டிருந்தது. போனது வெறும் இரண்டு சொற்கள் அல்ல. அவருடைய நான்கு ஆண்டுச் சேமிப்பு.

சொல்லுக்கும் சேமிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை எந்த வங்கியும் காத்து வைப்பதில்லை. யாருக்கு எவ்வளவு என்ற பேரேடு உலகெங்கும் உள்ள பல ஆயிரம் கணினிகளில் ஒரேபோல எழுதப்பட்டிருக்கிறது. அதில் தம் பங்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் ஒரு ரகசிய எண் தெரிந்திருக்க வேண்டும். 'வாலட்' என்ற பெயரைக் கேட்டு, பணம் அதற்குள் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குள் இருப்பது அந்த எண் ஒன்றுதான். எண்ணை அறிந்தவர் எவரோ அவரே உடைமையாளர். தொலைத்துவிட்டால் கிளை மேலாளருக்கு மனு எழுத முடியாது. திருடு போனால் கணக்கை முடக்கச் சொல்லவும் ஆள் இல்லை.

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் 2013-ஆம் ஆண்டு ஒருவருடைய பழைய ஹார்ட் டிஸ்க் தவறுதலாகக் குப்பைக்குப் போயிற்று. சுமார் 8,000 பிட்காயின்களுக்குரிய எண் அதில் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் பல ஆண்டுகள் போராடினார். நகர மன்றம் மறுத்தது. 2025 ஜனவரியில் நீதிமன்றமும் வழக்கைத் தள்ளிவிட்டது. நாணயங்கள் பேரேட்டில் எல்லாரும் பார்க்கும்படி அப்படியே இருக்கின்றன. எடுக்கத்தான் வழியில்லை.

(இந்த நாணயங்களை வாங்கலாமா என்பது வேறு கேள்வி. 2022 என்ற ஒரே ஆண்டில் பிட்காயினின் மதிப்பு பாதிக்கும் மேல் சரிந்தது. சம்பாதிக்கத் தொடங்காத வயதில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் ஒரு ரகசியத்தைத் தொலையாமலும் திருடு போகாமலும் வைத்திருப்பது எப்படி என்ற கணக்கு, நாணயம் வாங்காதவருக்கும் சுவையானது.)

அந்த ரகசிய எண் மிக நீளமானது. இருநிலை எண்ணாக எழுதினால் 128 இலக்கங்கள், அதாவது 128 பிட்டுகள் வரும். 0, 1 என்று 128 முறை கைப்பட எழுதினால் எங்காவது பிழை வராமல் இராது. எனவே 2013-இல் ஒரு வழி வகுக்கப்பட்டது. 2048 எளிய ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார்கள். பட்டியலின் முதற் சொல் 'அபாண்டன்'. கடைசிச் சொல் 'ஸூ'. 2048 என்பது 2-இன் 11-ஆம் அடுக்கு அல்லவா? ஆகவே ஒவ்வொரு சொல்லும் 11 பிட்டுகளுக்குச் சமம். பன்னிரண்டு சொற்களுக்கு 132 பிட்டுகள். அவற்றில் 128 ரகசியத்துக்கு உரியவை. மிஞ்சிய 4 பிட்டுகள் அந்த ரகசியத்திலிருந்தே கணக்கிட்டுப் பெறப்பட்டவை. எழுத்துப் பிழையைக் காட்டிக் கொடுப்பது அவற்றின் வேலை. குருட்டாம்போக்கில் பன்னிரண்டு சொற்களை அடுக்கினால், பதினாறில் ஒரு தடவைதான் இந்தச் சோதனையில் தேறும். இவையே மீட்புச் சொற்கள். கருவி கெட்டுப் போனாலும் இச்சொற்களை வேறொரு கருவியில் வரிசைப்படி இட்டால் ரகசிய எண் திரும்பக் கிடைத்துவிடும்.

இந்தப் பட்டியல் ஜப்பானியம், கொரியன் முதலிய மொழிகளிலும் உண்டு, தமிழில் இல்லை. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். 'ரைட்' என்று எழுதி வைத்தால், 'எழுது' என்ற பொருளுள்ள சொல்லா, 'சரி' என்ற பொருளுள்ள சொல்லா? பட்டியலில் இரண்டும் இருக்கின்றன!

128 பிட்டுகள் என்றால் 2-இன் 128-ஆம் அடுக்கு, சுமார் 3.4 × 10³⁸ வாய்ப்புகள். விநாடிக்கு ஒரு லட்சம் கோடி வீதம் சோதித்துப் பார்க்கும் ஒரு பூதம் இருப்பதாகக் கொள்வோம். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க அதற்கு 10¹⁹ ஆண்டுகள் ஆகும். இந்தப் பேரண்டத்தின் வயதே 1.38 × 10¹⁰ ஆண்டுகள்தான்.

இனி நம் நண்பரின் நாட்குறிப்புக்கு வருவோம். மறைந்தவை இரண்டு சொற்கள். 2048 × 2048 = 41,94,304 வாய்ப்புகள். பதினாறில் ஒன்றுதான் சோதனையில் தேறும், ஆகவே 2,62,144. இது பூதங்கள் தேவைப்படும் எண் அல்ல. என் வீட்டுப் பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்தேன். ஒவ்வொரு வாய்ப்புக்கும் வாலட் முகவரி என்ன வரும் என்று கணக்கிட ஒரு சிறு நிரல் எழுதினோம். அவருடைய உண்மையான முகவரி பழைய மின்னஞ்சல் ஒன்றில் இருந்தது. இரண்டும் பொருந்தும் இடத்தில் நிரல் நிற்க வேண்டும். விநாடிக்கு நூறு வாய்ப்புகள்தான் பார்த்தது அந்தக் கணினி. சொற்களிலிருந்து ரகசிய எண்ணைப் பெற ஒரு கணக்கை 2048 முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வேண்டுமென்றே அப்படித் தாமதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நிரல் நின்றது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தண்ணீர் கேட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பத்துச் சொற்கள் தெரிந்த எவருக்கும் மற்ற இரண்டும் முப்பத்தைந்து நிமிடத் தொலைவில்தான் இருக்கின்றன. கணக்குக்கு உடைமையாளர் யார், திருடர் யார் என்று தெரியாது.

பலர் கையாளும் இரண்டு 'தந்திரங்களை' இந்தக் கண்கொண்டு பாருங்கள். சிலர் பன்னிரண்டு சொற்களையும் எழுதிவிட்டு வரிசையை மட்டும் மாற்றி வைப்பார்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவர் உடனே கணக்கிடுவார்: 12! = 47,90,01,600. பதினாறால் வகுத்தால் மூன்று கோடிக்குச் சற்றுக் குறைவு. நல்ல கணினிகளை வைத்து விநாடிக்கு ஒரு லட்சம் பார்க்கும் திருடருக்கு இது ஐந்து நிமிட வேலை.

இன்னொரு முறை கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கும். மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் எட்டுச் சொற்கள், எந்த இரண்டு தாள் சேர்ந்தாலும் பன்னிரண்டும் கிடைக்கும்படி அடுக்குவது. ஒரு தாள் எரிந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒரு தாள் திருடர் கைக்குப் போனால்? தெரியாதவை நான்கே சொற்கள்: 2-இன் 44-ஆம் அடுக்கு. பதினாறால் வகுக்க, 2-இன் 40-ஆம் அடுக்கு, சுமார் 1.1 லட்சம் கோடி. விநாடிக்கு ஒரு லட்சம் வீதம் மிஞ்சிப் போனால் நான்கு மாதம். பேரண்டத்தின் வயதைத் தாண்டி நின்ற கோட்டை, ஒரு தாள் போனதும் நான்கு மாதத்தில் விழுகிறது. சரி, ஆறு ஆறாக இரண்டு தாளில் பிரித்தால்? அதே வேகத்தில் 14 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒரு தாளைக் கறையான் அரித்தால் உங்களுக்கும் அதே 14 லட்சம் ஆண்டுகள்தான்.

ஆகவே சொற்களைக் குலைக்காமல், முழுதாக, வரிசை எண்ணுடன் எழுதி வைப்பதே முறை. எதில் எழுதுவது? இங்கே கணக்கு முடிந்து இயற்பியல் தொடங்குகிறது.

செல்பேசியில் படம் எடுத்து வைப்பது எல்லாவற்றிலும் மோசம். படம் நீங்கள் அறியாமலே இணையத்திலுள்ள சேமிப்பகத்துக்கும் போய்விடும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனத்தார் 'ஸ்பார்க்கேட்' என்ற தீநிரலைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அது செல்பேசியில் உள்ள படங்களில் எழுத்துகளைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடக்கூடியது. பென்டிரைவ்? அதில் செய்தி என்பது, மின்காப்புச் சுவர்களுக்குள் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் அவை மெல்லக் கசியும்; சூடான இடத்தில் விரைவாகக் கசியும்.

தாளுக்கு வருவோம். ஒரே தாளில் மைப்பேனா, பால்பாயின்ட் பேனா, பென்சில் மூன்றாலும் உங்கள் பெயரை எழுதி, ஒரு தட்டுத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுப் பாருங்கள். மைப்பேனாவின் சாயம் நீரில் கரைவது, அது போய்விடும். பால்பாயின்ட் மை எண்ணெய்த் தன்மை உடையது, பெரும்பாலும் நிற்கும். பென்சில் எழுத்து கார்பன். நீர் அதை ஒன்றும் செய்யாது. (நம் நண்பர் இரண்டு ரூபாய்ப் பென்சிலால் எழுதியிருந்தால் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்.) பேருந்து நடத்துநர் கருவியில் அடித்துத் தரும் சீட்டு போன்ற வெப்பத்தாளில் மட்டும் எதையும் நம்பி வைக்காதீர்கள். சூட்டினால் நிறம் மாறும் வேதிப்பொருள் பூசிய தாள் அது. சில மாதங்களில் வெளுத்துவிடும்.

நீருக்குப் பென்சில் போதும், நெருப்புக்கு? தாள் சுமார் 230 டிகிரி செல்சியஸில் பற்றிக்கொள்ளும். பற்றி எரியும் அறையில் வெப்பநிலை 600 டிகிரியைத் தாண்டி, 1000 டிகிரியை நெருங்குவதும் உண்டு. ஈயம் 327-இல் உருகும், துத்தநாகம் 420, அலுமினியம் 660. இவை மூன்றும் தேறா. செம்பு 1085. எவர்சில்வர் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத எஃகு 1400-க்கும் மேல். நம் ஊர்ப் பாத்திரக் கடையில் கிடைக்கும் கெட்டியான எவர்சில்வர் தகடே போதும் என்பது விளங்குகிறதல்லவா? மேலே எழுதும் மை கருகிப் போகும். ஆகவே எழுத்தைத் தகட்டிலேயே பள்ளமாக இறக்க வேண்டும். இரும்புக்கடையில் கிடைக்கும் எழுத்துப் பஞ்ச்சும் சுத்தியலும் போதும். ஒரு சொல்லுக்கு முதல் நான்கு எழுத்துகளை அடித்தால் போதுமானது. நான்கு எழுத்துகளிலேயே எல்லாச் சொற்களும் வேறுபடும்படி அந்தப் பட்டியலைத் தேர்ந்திருக்கிறார்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருபவரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். எவ்வளவு நல்லவரானாலும் அவர் சொற்களைப் படித்துத்தானே ஆக வேண்டும்!

சோழர் காலச் செப்பேடுகளை ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் படிக்க முடிவது உலோகத்தில் வெட்டியதால்தான். அவற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஏடுகளின் துளைகள் வழியே ஒரு வளையத்தைக் கோத்து, அதன் முனைகளில் அரச முத்திரையை வார்த்துவிடுவார்கள். வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ இயலாது. நம் தகட்டையும் ஓர் உறையிலிட்டு, உறை ஒட்டிய இடத்தின்மேல் கையெழுத்துப் போட்டு வைத்தால், யாரேனும் பிரித்தது பின்னால் தெரிந்துவிடும். திருட்டை அது தடுக்காது. ஆனால் திருடர் முந்துவதற்குள் நாணயங்களைப் புதிய சொற்களுக்கு மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கலாம்.

மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் சரியான வழி இருக்கிறது. 1979-இல் இஸ்ரேலியக் கணித அறிஞர் ஆதி ஷமீர் கண்டது. நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடுதான் அடிப்படை. ரகசியம் 7 என்று கொள்வோம். y = mx + 7 என்ற கோட்டில் m-க்கு ஏதோ ஓர் எண், 3 என்று வையுங்கள். கோட்டின் மீதுள்ள (1, 10), (2, 13), (3, 16) என்ற புள்ளிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுக் கோட்டை அழித்துவிடுங்கள். எந்த இருவர் சேர்ந்தாலும் கோட்டை வரைந்து, அது y-அச்சை வெட்டும் 7-ஐக் கண்டுவிடலாம். ஒருவர் தனியாக முயன்றால்? ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் போகும். Y-அச்சில் எந்த இடத்தையும் அவை வெட்டலாம். மூன்று தாள் முறையில் ஒரு தாள் போனதும் ரகசியத்தின் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. இங்கே ஒரு புள்ளி போனால் போவது ஒன்றுமில்லை. (சாதாரண எண்களில் சில்லறைத் துப்புகள் கசியும் என்பதால், நடைமுறையில் கடிகாரத்தைப் போலச் சுற்றி வரும் எண்களில் இக்கணக்கைச் செய்கிறார்கள்.) சில வாலட் கருவிகள் இம்முறையில் பகுதிக்கு 20 சொற்களாகப் பிரித்துத் தருகின்றன.

நண்பர் மறுநாளே புதிய வாலட் ஒன்றைத் தொடங்கி நாணயங்களை அதற்கு மாற்றிவிட்டார். பழைய சொற்களை நானும் பார்த்துவிட்டேன், என் கணினியும் பார்த்துவிட்டது. அவற்றை இனி நம்புவதற்கில்லை என்று நானேதான் சொன்னேன். புதிய சொற்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை தகட்டில் அடித்தார். நாணயங்களை மாற்றும் முன்பே கருவியை வெறுமையாக்கி, தகட்டைப் பார்த்துச் சொற்களை இட்டுச் சோதித்தார். ஏழாவது சொல்லில் ஓர் எழுத்து தவறியிருந்ததாம். திருத்தி அடித்துவிட்டு மறுபடி சோதித்தார். இரண்டாவது தகடு ஒன்று அவர் தங்கை வீட்டில், வேறு ஊரில் இருக்கிறது. உறைக்குள் என்ன இருக்கிறது என்று தங்கைக்குத் தெரியும். பிரித்துப் பார்க்கக் கூடாது என்றும் தெரியும். உதவி செய்கிறோம் என்று தொலைபேசியில் சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர் என்பதையும் அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

உங்களுக்கு ஒரு கணக்கு. ஷமீரின் முறைப்படி ஒரு ரகசியத்தை மூவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் தம் புள்ளியைத் தொலைத்துவிட்டார். மற்ற இருவரிடம் உள்ளவை (2, 19), (5, 34). ரகசியத்தைக் கண்டுபிடியுங்கள். விடையைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்ப வேண்டாம், ரகசியம் அல்லவா!