நம்பிக்கைகளும் உண்மைகளும்: கரி படிந்த சுவரில் முதலில் தண்ணீர் படக்கூடாது

சித்தி வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒயர் பற்றிக்கொண்டது. தீ அணைந்த கையோடு நாங்கள் வாளியும் துணியுமாக இறங்கிவிட்டோம். அதுவரை சாம்பல் பூத்தாற்போல் இருந்த சுவர், ஒரு மணி நேரத்தில் கறுப்புத் திட்டுகளாக மாறியது.

நம்பிக்கை: ஈரத்துணியால் உடனே துடைத்தால் கரி போய்விடும்.

உண்மை: புகைக்கரி தூசி அல்ல. மிக நுண்ணிய கரித்துகள்; அதன்மேல் எண்ணெயும் பிளாஸ்டிக்கும் எரிந்த பிசுக்கு. தண்ணீர் பட்டதும் குழைந்து பெயின்டின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். அதனால் முதலில் உலர்வேலை. மின்விசிறியைப் போடாமல், என்95 மாஸ்க் அணிந்து, வாக்குவம் கிளீனரின் முனை சுவரில் உரசாதபடி சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்ச வேண்டும். ஹெப்பா ஃபில்டர் இல்லாத கருவி என்றால், உறிஞ்சிய நுண்கரியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே திருப்பி விடும். மிச்சத்தை, கரி எடுப்பதற்கென்றே விற்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்சால், அழுத்தித் தேய்க்காமல் ஒரே திசையில் இழுத்தெடுக்கலாம். சோப்புத் தண்ணீர் அதற்குப் பிறகுதான். அதுவும் கீழிருந்து மேலாக. மேலே தொடங்கினால், வழிகிற கறுப்பு நீர் கீழே காய்ந்த சுவரில் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும்.

நம்பிக்கை: தீ சமையலறையோடு நின்றுவிட்டது, மற்ற அறைகளுக்கு ஒன்றுமில்லை.

உண்மை: எனக்கு அதிகம் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். நம் வீட்டு ஒயர்களின் உறை பெரும்பாலும் பி.வி.சி. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிவறை கழுவும் ஆசிட்டில் இருக்கும் அதே பொருள். தீ எட்டிப் பார்க்காத படுக்கையறையிலும், புகை போயிருந்தால், டி.வி.யின் சர்க்யூட் போர்டையும் குழாயின் முலாமையும் அது அரிக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று இதற்கு இன்னும் தோது. ‘ஓடுதா பார்ப்போம்’ என்று மிக்ஸியின் சுவிட்சைத் தட்டாதீர்கள். எலக்ட்ரீஷியன் ஒயரிங்கைச் சோதிக்கட்டும். மெக்கானிக் சாதனத்தைத் திறந்து சுத்தம் செய்யட்டும்.

நம்பிக்கை: இரண்டு கோட் வெள்ளையடித்தால் தீர்ந்தது.

உண்மை: சித்தி வீட்டில் டிஸ்டம்பர் அடித்தார்கள். அடுத்த மழையிலேயே மஞ்சள் கறையும் புகைநாற்றமும் திரும்பி வந்தன. கரியை முழுவதும் எடுத்து, சுவரைக் காயவிட்டு, கறையை அடைக்கும் எண்ணெய் அல்லது ஷெல்லாக் ப்ரைமர் பூசிய பிறகே பெயின்ட்.

சாம்பிராணி போடுவது நாற்றத்தின் மேல் இன்னொரு புகையைப் படிய வைப்பதுதான். நாற்றம் குடியிருப்பது மெத்தையிலும் திரைச்சீலையிலும். ஃபிரிட்ஜ் மூடியிருந்தாலும் கதவு ரப்பர் வழியே புகை நுழையும். உள்ளே இருந்த சாப்பாட்டையும், வெக்கைபட்ட மாத்திரைகளையும் கொட்டிவிடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், ஒரு பொருளை நகர்த்துவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.

‘காங்கிரீட் எரியாது’ என்பது சரிதான். ஆனால் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது வலுவிழக்கத் தொடங்கும்; பல இடங்களில் இளஞ்சிவப்பாக நிறமும் மாறும். கூரையில் அந்த நிறம் தெரிந்தாலோ, தட்டினால் பூச்சு பொள்ளென்று ஒலித்தாலோ, பெயின்டரைக் கூப்பிடும் முன் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பெயின்ட் ஏறிவிட்டால் அந்த நிறத்தை அவராலும் பார்க்க முடியாது.