மென்பந்துத் திடலில் பேஸ் பதித்தல்

மென்பந்து ஆட்டத்தில் ஓடுவோர் சறுக்கி வந்து தொடும் பேஸ், நிலத்தில் உறுதியாக நிற்க வேண்டும். பெங்களூரில் ஒரே செம்மண் திடலைப் பல விளையாட்டுகள் பகிர்ந்துகொள்வதுண்டு. எனவே அது கழற்றத் தக்கதாகவும் இருத்தல் அவசியம்.

இதற்கான முறை எளிது. பேஸ்களுக்கு இடையே 18.29 மீட்டர், ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குக் குறுக்களவு 25.86 மீட்டர். முதல், மூன்றாம் பேஸ்கள் சதுரத்தின் உட்புறம் அமைவன. ஆதலின் அவற்றுக்கான குழி, மூலையிலன்றி, பேஸின் நடுப்புள்ளிக்கு நேரே தோண்டப்படும். இரும்புக் குழாயைக் கான்கிரீட்டில் நிறுத்தி, அதன் வாய் தரைமட்டத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் கீழே இருக்கச் செய்வர். ஆட்டம் முடிந்ததும் குழாயை மூடியால் அடைக்க வேண்டும். இல்லையேல் மண் தூர்ந்துவிடும். மழையில் மேல்மண் அரிக்கப்பட்டால் விளிம்பு வெளிப்பட்டுக் காலைக் கிழிக்கும். ஆகவே பருவந்தோறும் மண்ணிட்டுச் சமன் செய்தல் வேண்டும்.

எனினும் சிறிதும் அசையாத பேஸும் ஆபத்தானதே. அமெரிக்காவின் மிச்சிகனில் நடைபெற்று 1988-இல் வெளியான ஆய்வில், நிலையான பேஸ்களில் ஆடிய 627 ஆட்டங்களில் 45 சறுக்கல் காயங்கள் நேர்ந்தன. மோதலில் மேற்பகுதி விடுபடும் பேஸ்களில் ஆடிய 633 ஆட்டங்களில் நேர்ந்தவை 2 மட்டுமே. திடலுக்கு நிதி ஒதுக்குவோர் பொருளின் விலையோடு, தவிர்க்கப்படும் மருத்துவச் செலவையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.