எந்த வண்டி, எதன் மேல் மோதியது? விபத்து சார்ட் படிக்கும் கலை

நர்சிங், பி.ஃபார்ம்., பிசியோதெரபி, பயோடெக் என்று ஏதோ ஒன்றை முடித்துவிட்டு, கொடுமுடியிலிருந்து கோவை சரவணம்பட்டிப் பக்கம் மெடிக்கல் கோடிங் வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்க மருத்துவமனைகளின் எமர்ஜென்சி சார்ட் கைக்கு வந்தால், மணிக்கட்டு முறிவுக்குக் குறியீடு போடுவதை மூன்று மாதப் பயிற்சியிலேயே பிடித்துக்கொள்வீர்கள். சறுக்குவது வேறு இடத்தில். அடி எப்படிப் பட்டது என்று சொல்லும் வெளிக்காரணக் குறியீட்டில்தான் கவனம் வேண்டும். மின்சார ஸ்கூட்டர், சைக்கிள் விபத்துகளில் இன்னும் கூடுதலாக.

காரணம், நாம் பார்த்து வளர்ந்த வண்டி. ஸ்கூட்டர் என்றால் நமக்கு உட்கார்ந்து ஓட்டுவது. 2008-இல் கோவையில் தொடங்கிய ஆம்பியர், ஓசூரில் தயாராகும் ஏத்தர், போச்சம்பள்ளி ஓலா எல்லாம் அந்த ரகம். அமெரிக்காவில் பயன்படும் ஐசிடி-10-சிஎம் குறியீட்டுப் புத்தகத்தின் கணக்கில் இவற்றை ஓட்டுகிறவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர். வி20 முதல் வி29 வரை தேட வேண்டும். அமெரிக்க நகரத்து சார்ட்டில் வருகிற மின்சார ஸ்கூட்டரோ பெரும்பாலும் ஒரு பலகை மேல் நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் வாடகை வண்டி. 2017-இல் பேர்ட் நிறுவனம் சான்டா மோனிகாவில் இறக்கிவிட்ட பிறகு ஊர் ஊராகப் பரவியது. அதை ஓட்டுகிறவரைப் புத்தகம் பாதசாரி என்றே வகைப்படுத்துகிறது. மூன்றாவது ரகமும் உண்டு: நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து போகும் மொபிலிட்டி ஸ்கூட்டர். அதற்கு வி00.83.

நின்று ஓட்டும் வண்டிக்கு 2020 அக்டோபர் 1 வரை தனிக் குறியீடே கிடையாது. அதுவரை எத்தனை பேர் விழுந்து கை உடைத்துக்கொண்டாலும், மற்ற வாகனங்களோடு சேர்த்தே எண்ணப்பட்டார்கள். இப்போது, தானாக விழுந்தால் வி00.841. நடந்து போகிறவரை அந்த ஸ்கூட்டர் இடித்து, அடிபட்ட பாதசாரி சிகிச்சைக்கு வந்தால் வி00.031. சார்ட் யாருடையது என்பதை முதலில் பாருங்கள். குறியீடு எப்போதும் அடிபட்டவரைச் சுற்றித்தான் அமையும். தப்பு யார் மேல் என்பது நம் வேலை இல்லை.

சைக்கிளிலும் இதே கதை. மிதித்து ஓட்டும் சைக்கிள் வி10 முதல் வி19 வரை. மோட்டார் உதவியோடு ஓடும் மின் சைக்கிளுக்கு 2022 அக்டோபர் 1 முதல் மோட்டார் சைக்கிள் பிரிவுக்குள்ளேயே தனி இடம். சாலையில் கார் மோதினால், சாதா சைக்கிள்காரருக்கு வி13.4, மின் சைக்கிள்காரருக்கு வி23.41. டாக்டர் வெறுமனே பைக் என்று எழுதியிருந்தால், ஆம்புலன்ஸ் குறிப்பையும் நர்ஸின் ட்ரையாஜ் குறிப்பையும் பாருங்கள். பாதி விஷயம் அங்கேதான் கிடக்கும். அவற்றை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு கிளையண்ட் விதி இருக்கும். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரி சார்ட்டைப் பிரித்துப் பார்ப்போம். முப்பத்து நான்கு வயது ஆண். உணவு டெலிவரிக்குப் போகும்போது, நின்று ஓட்டும் மின் ஸ்கூட்டரைக் கடைவீதியில் கார் இடித்தது. இடது கையை ஊன்றி விழுந்தார். நினைவு தப்பவில்லை. எக்ஸ்ரேயில் இடது கோலிஸ் முறிவு, அதாவது மணிக்கட்டை ஒட்டிய எலும்பு முறிவு. இடது மணிக்கட்டிலும் இடது முழங்காலிலும் சிராய்ப்பு.

முறிவுதான் முதலில்: எஸ்52.532ஏ. திறந்த முறிவா மூடியதா என்று எழுதாவிட்டால் மூடியது என்றே கொள்ள வேண்டும். மணிக்கட்டுச் சிராய்ப்புக்குத் தனிக் குறியீடு கிடையாது. அதே இடத்தில் பெரிய காயம் இருக்கும்போது மேல்தோல் காயத்தை விட்டுவிட வேண்டும். முழங்கால் வேறு இடம், ஆகவே எஸ்80.212ஏ உண்டு. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் போடுவார்கள், அல்லது இரண்டையும் விடுவார்கள். அடுத்து காரணம்: வி03.131ஏ, அதாவது நின்று ஓட்டும் மின் ஸ்கூட்டரில் இருந்த பாதசாரி, காரோடு மோதல், பொதுச் சாலை. இடத்துக்கு ஒய்92.414. கூலிக்குச் செய்த வேலை என்பதால் ஒய்99.0. இந்தக் கடைசிக் குறியீட்டைச் சும்மா நினைக்காதீர்கள். வேலை நேரக் காயம் என்றால் பணம் கட்டுகிற இன்ஷூரன்ஸே மாறிப்போகலாம்.

வெளிக்காரணக் குறியீடு ஒருபோதும் முதல் வரிசையில் வரக்கூடாது. இடம், செயல், நிலை பற்றிய ஒய் குறியீடுகள் முதல் வருகைக்கு மட்டும். அமெரிக்கா முழுவதற்குமான கட்டாயம் எதுவும் இல்லை. மாநிலமோ இன்ஷூரன்ஸ் நிறுவனமோ கேட்டால் போட்டாக வேண்டும். ஏழாவது எழுத்தில் ஏ என்றால் காயத்துக்கான நேரடிச் சிகிச்சை நடக்கிறது. டி என்றால் ஆறிவரும் கட்டம். எஸ் என்றால் பின்விளைவு. மாவுக்கட்டு மாற்ற வந்தவருக்கு ஏ போட்டால் ஆடிட்டர் விடமாட்டார். வி13.4-க்கு நடுவில் இரண்டு எக்ஸ் நிரப்பினால்தான் ஏழாவது இடம் வரும். மறந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் திரும்பி வரும்.

இந்தப் படிப்பு அமெரிக்காவுக்கு மட்டும்தானா என்றால் இல்லை. நம் அரசு மருத்துவமனைகளில் விபத்துக் கேஸ் வந்ததும் எழுதுகிற ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள்: நாள், நேரம், இடம், எந்த வண்டி எதன் மேல். அதே கேள்விகள்தான். ஈரோடு–கரூர் சாலையில் கரும்பு டிராக்டரில் மின் ஸ்கூட்டர் போய் மோதினால், அதை வெறும் டூ வீலர் விபத்து என்று எழுதி முடித்தால் பிறகு யாரும் எண்ண முடியாது. 2022-இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான், 64,105. சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் தரவுத்தளத்தில் போலீஸ் விபத்து விவரத்தைப் பதிகிறது. 2021 டிசம்பர் முதல் தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இவை இருந்தாலும், மருத்துவமனைப் பதிவேடு சுத்தமாக இருந்தால்தான் எந்தச் சாலையில் எந்த வண்டிக்கு ஆபத்து என்று தெரியும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் துறையில் இந்தத் திறமைக்கு வேலை உண்டு. வெளிநாட்டு சார்ட்டை மட்டுமே கனவு காணாமல் இதையும் பாருங்கள் என்பேன். நம் பதிவேடு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் 250 வாட்டுக்கும் உட்பட்ட மின் வண்டிகளுக்கு லைசென்ஸ், பதிவு எண் எதுவும் நம் நாட்டில் தேவையில்லை. ஆகவே அந்த வண்டியில் அடிபட்டவரின் விவரம் மருத்துவக் குறிப்பில் விழாவிட்டால் வேறெங்கும் கிடைப்பது கஷ்டம்.

சேருவதற்கு முன், வேலை உத்தரவாதம் என்று சொல்லிப் பெரும் தொகை கேட்கும் பயிற்சி மையங்களிடம், போன வருடம் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நாலைந்து பேரிடம் நேரில் பேச விடாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மெடிக்கல் கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வில் 100 கேள்விகள், நான்கு மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதால், எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். வெளிக்காரணத்துக்கு அகரவரிசை இண்டெக்ஸ் தனியாக இருக்கிறது. விபத்து, போக்குவரத்து, அடிபட்டவர் யார், எதோடு மோதல் என்ற வரிசையில் இறங்கிப் போய், கிடைத்த எண்ணை எண்வரிசை அட்டவணையில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதியும் பட்டியல் மாறும். புது எண்கள் சில மாதம் முன்பே வெளியாகிவிடும். இன்டர்வியூ செப்டம்பரில் என்றால், வி00-விலிருந்து வி29 வரை அந்த ஆண்டு மாறியதைக் குறித்துக்கொண்டு போங்கள்.