தெருவையும் துள்ளும் பந்தையும் படமெடுத்தவர்

மாணவர்களே, கறுப்புப் பின்னணியில் ஒரே பந்து பல இடங்களில் தெரிய, அது துள்ளிச் சென்ற பாதை முழுவதும் வில் வில்லாகப் பதிந்திருக்கும் படத்தை இயற்பியல் நூல்களில் நீங்கள் கண்டிருக்கலாம். அவ்வகைப் படங்களுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்றை எடுத்தவர் விஞ்ஞானி அல்லர். நகரத் தெருக்களைப் படமெடுத்து வந்த பெரெனிஸ் ஆபட் என்னும் அமெரிக்கப் பெண்மணி.

1898-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த ஆபட், சிற்பம் பயில பாரிஸ் சென்றார். அங்கு 1923-இல் மான் ரே என்ற கலைஞரின் இருட்டறையில் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். பிறகு தாமே ஒரு நிலையம் அமைத்து, எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் படமெடுத்தார். பாரிஸின் பழைய தெருக்களை ஆண்டுக்கணக்கில் படமெடுத்துவந்த முதியவர் அட்ஜே 1927-இல் காலமானபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியவர் ஆபட்தான்.

1929-இல் நியூயார்க் திரும்பினார். பழைய வீடுகள் இடிபட்டு வானளாவிய கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. மறைவதையும் முளைப்பதையும் ஒருங்கே பதிவு செய்ய முனைந்தார். 1935 முதல் அரசுத் திட்டம் ஒன்று அவருக்கு ஊதியம் அளித்தது. 1939-இல் அப்படங்கள் நூலாயின.

அவர் உயரமான கட்டடத்திலிருந்து எடுத்த நியூயார்க் இரவுக் காட்சியைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான சன்னல்களில் விளக்கொளி! அன்றைய பிலிமுக்கு அவ்வொளி போதாது. காமிராவைச் சுமார் 15 நிமிடம் திறந்து வைக்கவேண்டும். அலுவலகங்களோ மாலை 5 மணிக்குக் கலைந்துவிடும், விளக்குகள் அணைந்துவிடும். அதற்கு முன்பே இருட்டும் நாள் வேண்டுமல்லவா? அங்கே டிசம்பர் பிற்பகுதியில் சூரியன் நாலரை மணி அளவில் மறைகிறது. ஆகவே ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டிய ஒரு மாலையைத் தேர்ந்தெடுத்தார். காற்றில் காமிரா அசையாதிருக்க, சன்னலுக்கு உட்புறமே அதை நிறுத்தினார். என் கருத்தில் இது ஓர் ஆய்வுக்கூடச் சோதனைக்குச் சற்றும் குறைந்ததன்று.

விஞ்ஞானத்தை மக்களுக்கு விளக்கப் புகைப்படம் தேவை என்று 1939-லேயே எழுதினார் ஆபட். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதற்குத் தக்க ஆதரவு கிட்டவில்லை. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா தன் பள்ளிகளின் விஞ்ஞானப் பாடத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியது! மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் புதிய இயற்பியல் பாடநூல் தயாரித்துவந்த குழு 1958-இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 60.

துள்ளும் பந்தின் படம் எவ்வாறு எடுக்கப்படுகிறது? இருண்ட அறையில் காமிராவைத் திறந்தே வைத்து, சம இடைவெளியில் மின்னி மின்னி அணையும் விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு பந்து பதிகிறது. விளக்கு விநாடிக்கு 30 முறை மின்னுவதாகக் கொள்வோம். வில்லின் உச்சியில் ஒரு மின்னல் நேர்ந்தால், அடுத்தடுத்த இடைவெளிகளில் பந்து கீழிறங்கும் தூரம் 0.54, 1.63, 2.72 சென்டிமீட்டர், அதாவது 1:3:5. கிடைத்திசையிலோ இடைவெளிகள் ஏறத்தாழச் சமம். ஒவ்வொரு துள்ளலிலும் வில்லின் உயரம் குறைவதும் கண்கூடு. மோதும்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகவும் ஒலியாகவும் போய்விடுகிறது.

நீரலைகளை அவர் காமிராவே இல்லாமல் படமெடுத்தார். இருட்டறையில், கண்ணாடி அடியுள்ள நீர்த்தொட்டிக்குக் கீழே புகைப்படத் தாளை வைத்து, மேலிருந்து ஒளியைப் பாய்ச்சினார். அலையின் முகடு குவிலென்சைப் போல ஒளியைக் குவிக்கும், அகடு விரித்துவிடும். அலையின் வடிவம் நேரே தாளில் இறங்கிவிட்டது.

பின்னாளில் மெய்ன் மாநிலத்தில் குடியேறி, அங்குள்ள மக்களையும் நிலக்காட்சிகளையும் படமெடுத்து 1968-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1991-இல் மறைந்தார்.

சுழன்றுகொண்டே செல்லும் ஒரு ஸ்பேனரையும் அவர் இவ்விதம் எடுத்திருக்கிறார். அப்படம் கிடைத்தால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஸ்பேனரின் இரு முனைகளும் வளைந்து வளைந்து செல்லும். அதன் நிறைமையம் மட்டும் நேர்கோட்டில் செல்லும்.