துறைமுகத் தூண்களில் ஓர் உயிர்க்கணக்கு

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியைத் தமிழுலகம் வீரமாமுனிவரால் அறியும். திருக்காவலூர் என்னும் பெயரும் கொண்ட இவ்வூரில் நெடுங்காலம் வாழ்ந்த அம்முனிவர், 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்துத் தமிழ்ச் சொற்களை நிரல்படுத்திய நூல் அது. சொற்களுக்கு அவர் செய்த பணியை உயிர்களுக்குச் செய்வதே கடலுயிர்க் கணக்கெடுப்பாகும். கப்பல் துறை காணாத இப்பகுதி மாணவர்க்கும் அதனை எடுத்துரைக்க இவ்வொற்றுமை எமக்குத் துணை நிற்கிறது.

கடல்நீரில் ஒரு பலகையை இறக்கினால் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்ப் படலம் ஒன்று அதன்மேல் படிகிறது. பின்னர் நுண்பாசிகள், அவற்றின்பின் கொட்டலசு, குழாய்ப்புழு, பிரயோசோவா, தொட்டால் நீர் பீச்சும் அசிடியா, ஆழி ஆகியன குடியேறுகின்றன. இவற்றுள் கொட்டலசின் வரலாறு வியப்பூட்டுவது. நீரில் நீந்தித் திரியும் அதன் இளவுயிரி, தன் உணர்கொம்புகளால் இடத்தைத் தடவிப் பார்க்கிறது. தன்னினம் ஏற்கெனவே ஒட்டியுள்ள இடமாயின் பெரிதும் விரும்புகிறது. இடம் தேர்ந்தபின் தலைப்புறத்தைப் பசையால் ஒட்டிக்கொண்டு, ஓடு கட்டி, வாழ்நாள் முழுதும் அங்கேயே இருந்துவிடுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர்ப் பகுதிகளில் மரக்கலம் ஓட்டிய நம் முன்னோர்க்கு இது புதிய செய்தியன்று. அடிப்பாகத்தில் கொட்டலசு ஏறிய கலம் வேகம் குன்றும். கரையேற்றிச் சுரண்டியாக வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தில் ஒட்டி வாழும் உயிர்களின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஆராய்ந்து, எம். டி. பால் என்பார் 1942-இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஏட்டில் விரிவான கட்டுரை வெளியிட்டார். ஆண்டு முழுதும் பெருகுவன எவை, குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் பெருகுவன எவை என்று பிரித்தறிவதற்கு மாதந்தோறும் பொறுமையாகப் பார்க்கும் கண் வேண்டும். அத்தகைய பதிவின் அருமை, புதியது ஒன்று வந்து புகும்போதுதான் விளங்கும்.

நடு அமெரிக்கக் கடற்பகுதிக்குரிய கருவரி ஆழி ஒன்று 1967-இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்டது, அங்கே நிலைத்தும்விட்டது. அதே இனம் 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் தோன்றியது. ஆறு மாதங்களுக்கு முன் நடந்த கணக்கெடுப்பில் அது இல்லை என்று எழுதி வைத்திருந்தனர். ஆகவே புதிதாய் வந்தது என்பதில் ஐயம் எழவில்லை. துறைகளை அடைத்து, குளோரினும் தாமிர சல்பேட்டும் கலந்து, சில வாரங்களில் அதனை ஒழித்தனர். அந்நீரிலிருந்த பிற உயிர்களும் மடிந்தன என்பதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று.

நம் எண்ணூரின் நிலை வேறு. தென் அமெரிக்கக் கரைக்குரிய ஓர் ஆழியினம் கேரளத்தின் உப்பங்கழிகளில் இருப்பதை 2019-இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் அதுவே சேற்றின்மேல் கம்பளம்போல் படர்ந்தது. மீனவர் அதனைக் காக்கா ஆழி என்கின்றனர். இறால் புதையும் சேறு மூடப்பட்டால், கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கே செல்லும்? கப்பல்களின் அடிப்பகுதியிலும், பாலாஸ்ட் எனப்படும் நிறைநீரிலும் இத்தகைய உயிர்கள் கடல் கடக்கின்றன. நிறைநீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் உருவாகி, 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அம்மீனவரின் முறையீட்டுக்குத் தேதியிட்ட ஒரு பட்டியல் பெருந்துணையாகும். துறைமுக ஊர்களிலுள்ள கல்லூரிகள் அதனை எளிதில் செய்யலாம்.

செலவும் மிகுதியன்று. ஒரு சாண் அளவுள்ள பி.வி.சி. தகடு, ஒரு செங்கல், கயிறு ஆகியன போதும். துறைமுக அலுவலரின் இசைவு பெற்று, ஒரு மீட்டர் ஆழத்தில் தகட்டின் கீழ்ப்புறம் வெறுமையாக இருக்கத் தொங்கவிட்டு, மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டும். நாள், இடம், நீரின் வெப்பம், உப்புத்தன்மை ஆகியவற்றோடு, தேடியும் கிடைக்காதவற்றின் பெயரையும் எழுத வேண்டும். மீனவர் வழங்கும் பெயரைக் கேட்டெழுதுவது தமிழ்த்துறை மாணவர்க்குரிய பங்கு. அறிவியற்பெயர் தெரிந்தும் ஊர்ப்பெயர் தெரியாத பட்டியல் கரையில் உள்ளவர்க்குப் பயன்படாது.

கடலுக்குச் செல்ல இயலாதவர்க்கு அரியலூரிலேயே கடல் உண்டு. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகட்கு முன் இங்கு அலையடித்த கடலின் சிப்பிகள் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் செறிந்துள்ளன. தென்னிந்தியாவின் இத்தகைய தொல்லுயிர்களை ஸ்டோலிக்ஸ்கா என்னும் அறிஞர் 1860-களிலும் 1870-களின் தொடக்கத்திலும் விரிவாகப் பதிவு செய்தார். பழஞ்சிப்பிகளின் ஓட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின், அன்று அவற்றின்மேல் ஒட்டி வாழ்ந்த பிரயோசோவாவின் வலைப்பின்னலைக் காணலாம். அக்கல் நாள்தோறும் சிமெண்டு ஆலைகளுக்குச் சென்றுகொண்டிருக்கிறது.